வைஷம்ய நைர்க்ருண்ய பரிஹாரமும் பரதனின் மானும்

ஸ்ரீபாஷ்யம் இரண்டாம் அத்யாயத்தின் முதற்பாதம் ப்ரயோஜநவத்த்வாதிகரணத்துடன் நிறைவுறுகிறது. அவாப்தஸமஸ்தகாமனான ஸர்வேச்வரனுக்கு ஜகத்ஸ்ருஷ்டியால் ஆகவேண்டிய ப்ரயோஜனம் யாது என்பது அங்கு எழும் ஆக்ஷேபம். லீலையே ப்ரயோஜனம் என்பது ஸூத்ரகாரர் தரும் விடை. ஏழு த்வீபங்களையும் ஆளும் பேரரசன் ஒருவன் பந்தாடும்போது விளையாட்டையன்றி வேறொன்றையும் கருதுவதில்லை. அதுபோல் என்று பாஷ்யகாரர் உதாஹரணம் காட்டியருளினார்.

ஆடுகிறவனுக்கு அது விளையாட்டு, பந்துக்கு? இக்கேள்வி நாஸ்திகனுக்கு மட்டும் தோன்றுவதன்று. லீலையைக் கூறும் ஸூத்ரத்தை அடுத்து, இடையே வேறொரு விஷயத்தையும் எடுக்காமல், வைஷம்ய நைர்க்ருண்யங்களைப் பற்றிய ஸூத்ரம் வந்திருப்பதே இதற்குச் சான்று. லீலை என்ற சொல்லைச் சொன்ன மாத்திரத்தில் கேட்பவனின் நெஞ்சில் முள் தைக்கும் என்பதை மஹர்ஷி அறிந்திருந்தார்.

ஆக்ஷேபம் இரண்டு. தேவர், மனிதர், திர்யக், ஸ்தாவரம் என்று ஏற்றத்தாழ்வு தோன்றப் படைத்ததால் ஈச்வரன் பக்ஷபாதி ஆகிறான் என்பது வைஷம்ய ஆக்ஷேபம். படைத்தவற்றை மிகக் கொடிய துக்கங்களோடு சேர்த்தலால் அவன் இரக்கமற்றவன் ஆகிறான் என்பது நைர்க்ருண்ய ஆக்ஷேபம். இவ்விரண்டையும் இரட்டைச்சொல்போல் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எல்லாரையும் ஒரே நிலையில் படைத்து, எல்லாரையும் ஒரே அளவாக வருத்தியிருந்தால் முதல் ஆக்ஷேபம் எழாது. இரண்டாவது அப்படியே நிற்கும். இரண்டாவதே கடினமானது என்பது அடியேனின் எண்ணம்.

ஸித்தாந்தம் யாவரும் அறிந்தது. ஈச்வரன் ஜீவர்களின் கர்மத்தை அபேக்ஷித்தே படைக்கிறான். ஆகையால் ஏற்றத்தாழ்வுக்கும் துக்கத்துக்கும் காரணம் கர்மமே. ஸ்ருஷ்டிக்கு முன் ஜீவவிபாகமே இல்லையே, விபாகமில்லாதபோது கர்மம் ஏது என்றால், ஜீவர்களும் அவர்களது கர்மப்ரவாஹமும் அநாதி. முன்பு இல்லாதிருந்தது நாமரூப விபாகம் மட்டுமே. கர்மத்தை அபேக்ஷிப்பதால் அவனது ஸ்வாதந்த்ர்யம் குறையுமோ எனில், குறையாது. சேவகர்களின் பணிக்கேற்ப ஊதியம் தருகிற அரசனுக்கு அதனால் அரசத்தன்மை போய்விடுவதில்லை.

இவ்வதிகரணத்தை அடியேன் என் தகப்பனாரிடம், எங்கள் வீட்டுத் திண்ணையில், 1977-ஆம் ஆண்டு ஐப்பசியில் பாடம் கேட்டேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே நவம்பர் 12 அன்று விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே புயல் கரைகடந்தது. எங்கள் கிராமத்தில் தென்னைகள் சாய்ந்தன, கூரைகள் பறந்தன, வயலெல்லாம் வெள்ளம். கோயில் பசுக்களைப் பார்த்துக்கொண்டவரின் கொட்டகைச் சுவர் இடிந்து, ஒரு பசுவும் அதன் கன்றும் அடியில் அகப்பட்டன. பசு உடனே இறந்தது. கன்று மறுநாள் உச்சிவேளை வரை கிடந்து இறந்தது.

அவர் எங்கள் வாசலில் வந்து நின்று, “சாமி, வாயில்லா ஜீவன், அது என்ன பாவம் பண்ணிச்சு?” என்றார். தகப்பனார் உள்ளே திருவாராதனத்தில் இருந்தார். புதிதாகக் கற்ற ஸூத்ரம் நாக்கு நுனியில் இருந்தது. “முன்ஜன்மத்தில் செய்த வினை, ஈச்வரன் மேல் குற்றமில்லை” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இது தகப்பனார் காதில் விழுந்திருக்கிறது. திருவாராதனம் முடிந்து வெளியே வந்ததும் கேட்டார்: “ஸூத்ரகாரர் அந்தப் பதிலை யாருக்குச் சொன்னார்?” ஆக்ஷேபம் செய்கிற வாதிக்கு என்றேன். “அந்த வாதிக்கு மாடு கன்று ஏதாவது செத்துப்போச்சா?” என்றார். நான் விழித்தேன். “நீ சொன்னதில் தப்பில்லை. சொன்ன இடம் தப்பு. போய் அவனோடு நில்” என்றார். கன்றைப் புதைக்கக் குழிவெட்டி முடியும் வரை அவரோடு நின்றேன். பிறகு நானும் மண் தள்ளினேன். அன்று பாடம் நடக்கவில்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஈச்வரன் குற்றமுள்ளவனா என்பது ஒரு கேள்வி. துன்புறும் ஜீவனைக் கண்டவன் அதனிடம் எப்படி இருக்க வேண்டும் என்பது வேறொரு கேள்வி. ஸாபேக்ஷத்வம் என்ற ஹேது முதற்கேள்விக்கு விடையாக அருளப்பட்டது. அதை இரண்டாவதற்கு விடையாக எடுத்துக்கொண்டால், ஈச்வரனை நிரபராதியாக்கப் பிறந்த ஸூத்ரம் துன்புறுகிறவனைக் குற்றவாளியாக்கும் கருவியாகிவிடும். நம் உபந்யாஸ மேடைகளில் இது நாள்தோறும் நடக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு நம் தர்சனத்தில் விடை இல்லாமலில்லை. பாஷ்யகாரர் பெரிதும் ஆதரித்து ப்ரமாணமாக எடுக்கும் ஸ்ரீவிஷ்ணுபுராணத்தின் இரண்டாம் அம்சத்தில், பரதனின் சரித்ரத்தில் அதைக் காணலாம்.

பரதன் அரசைத் துறந்து சாளக்ராமத்தில் எம்பெருமானிடம் நெஞ்சை வைத்து வாழ்ந்தான். ஒருநாள் நதியில் நீராடி அநுஷ்டானங்களை முடித்தபோது, பிரசவிக்கும் நிலையிலிருந்த பெண்மான் ஒன்று தண்ணீர் குடிக்க வந்தது. அருகில் சிங்கம் கர்ஜித்தது. மான் அஞ்சிக் கரைமேல் தாவிற்று. கர்ப்பம் நழுவி நதியில் விழுந்தது. மானும் விழுந்து மடிந்தது. வெள்ளத்தில் போன குட்டியை பரதன் எடுத்து வளர்த்தான். நாளடைவில் குட்டியை விட்டு மனம் விலகவில்லை. அது மேயப்போய்த் திரும்பத் தாமதித்தால் புலி அடித்ததோ, சிங்கம் அடித்ததோ என்று தவித்தான். இறக்கும்போதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான், மானாகவே பிறந்தான்.

இக்கதையில் சிங்கத்துக்கும் குற்றமில்லை, நதிக்கும் குற்றமில்லை, மானுக்கும் குற்றமில்லை. எவரும் எவரையும் வஞ்சிக்கவில்லை. இயற்கையில் நாள்தோறும் நடப்பதே நடந்தது. கொலையும் களவும் செய்கிறவனைக் காட்டி, இவனுக்கு ஸ்வாதந்த்ர்யம் கொடுக்கப்பட்டது, இவன் தவறாகப் பயன்படுத்தினான் என்று ஈச்வரனுக்குப் பரிந்து பேசலாம். கர்ஜனையால் கர்ப்பம் நழுவிய இடத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லை. துன்பம் மனிதனைப் பக்குவப்படுத்தும் என்ற ஸமாதானமும் இங்கே செல்லாது. பிறந்தும் பிறவாத குட்டி எதைக் கற்றுக்கொள்ளும்?

பெரும்பாலோர் இச்சரித்ரத்திலிருந்து எடுக்கும் பாடம், ‘விலங்கிடம் பாசம் வைக்காதே’ என்பது. சிலர் இன்னும் மேலே போய், பரதன் குட்டியை அதன் வினைக்கு விட்டுவிட்டு ஜபத்தைத் தொடர்ந்திருக்க வேண்டும் என்றும் பேசக் கேட்டிருக்கிறேன். புராணத்தில் அப்படி இல்லை. அவனை வீழ்த்தியது ‘என்னுடையது’ என்ற மமகாரம். எடுத்துக் காத்ததைப் புராணம் தோஷமாகச் சொல்லவில்லை. குட்டிக்குப் பால் கொடுத்த கையையும், குட்டியைத் தன் சொத்தாக்கிக்கொண்ட நெஞ்சையும் பிரித்தறிய வேண்டும்.

சரித்ரம் இங்கே முடியவில்லை என்பதே முக்கியம். பரதன் பின்னொரு பிறவியில் அந்தணனாகப் பிறந்து, ஜடனைப்போல் திரிந்தான். ஸௌவீர தேசத்து அரசன் கபில மஹர்ஷியின் ஆச்ரமத்துக்குப் போகும் வழியில் இவனைப் பல்லக்குத் தூக்கப் பிடித்தார்கள். கீழே ஜந்துக்கள் மிதிபடாமல் பார்த்து நடந்தானோ என்னவோ, பல்லக்கு ஏறியும் இறங்கியும் ஆடிற்று. (புராணம் அவன் மெல்ல நடந்ததை மட்டும் சொல்கிறது, ஜந்துக்களைக் காரணமாகச் சொல்வது ஸ்ரீபாகவதத்தை ஒட்டிய வழக்கு.) “பருத்த உடம்பு இருந்தும் களைத்தாயோ?” என்று அரசன் கேட்டான். பருத்தவன் யார், தூக்குகிறவன் யார், தூக்கப்படுகிறவன் யார் என்று தொடங்கி, அரசன் என்பதும் ஆள் என்பதும் தேவன் என்பதும் விலங்கு என்பதும் மரம் என்பதும் கர்மத்தால் வந்த உடம்பின் பெயர்கள், ஆத்மாவின் பெயர்களல்ல என்று அவன் உபதேசித்தான். மானைக் காத்தவன், மானாய் வாழ்ந்தவன், பிறகு இதைச் சொல்கிறான். ஆத்மஸமத்வத்தை உபதேசிக்க இவனிலும் தகுதியுள்ளவன் வேறு யார்?

இவ்வுபதேசத்தின் பொருளில்தான் பாஷ்யகாரருக்கும் அத்வைதிகளுக்கும் விவாதம். புல்லாங்குழலின் துளைகளால் வாயுவுக்கு ஷட்ஜம் முதலான பேதம் வருவதுபோல் ஆத்மாவுக்குத் தேஹத்தால் பேதம் வருகிறது என்று அங்கு ஒரு த்ருஷ்டாந்தம் வரும். ஆத்மா ஒன்றே என்பதற்கு இதை அத்வைதிகள் காட்டுவர். ஜிஜ்ஞாஸாதிகரணத்தில் பாஷ்யகாரர் அதை மறுத்து, வெவ்வேறு துளைகளின் வழியே செல்லும் வாயுவின் பகுதிகள் வெவ்வேறே, ஆயினும் ஸ்வபாவத்தால் ஒத்தவை. அதுபோல் ஆத்மாக்கள் பல, ஜ்ஞாநாகாரத்தால் ஒத்தவர்கள் என்று நிர்வஹித்தார். சொல்லப்பட்டது ஸாம்யம், ஐக்யமன்று.

இதை வெறும் வாதச்சண்டையாக எண்ணுவோர் உண்டு. துன்புறும் ஜீவனை நடுவில் வைத்துப் பார்த்தால் இதன் கனம் தெரியும். ஐக்யமே பரமார்த்தமானால், நதியில் விழுந்த குட்டி எனக்கு வேறான ஒருவனன்று. அதன் துக்கமும் முடிவில் மித்யை. இரங்குவதற்கு மற்றொருவன் வேண்டும். ஸாம்யம் என்றால், குட்டி என்னிலும் வேறானது. அதன் துக்கம் அதனுடையது, ஸத்யமானது. ஆனால் துக்கப்படுகிற ஆத்மவஸ்து என் ஆத்மாவிலும் ஓரணுவும் தாழ்ந்ததன்று. வேதார்த்தஸங்க்ரஹத்தின் தொடக்கத்திலேயே, தேவ மனுஷ்யாதி பேதம் ப்ரக்ருதிபரிணாமத்தால் வந்தது, ஆத்மஸ்வரூபம் ஜ்ஞாநாநந்தமே என்று ஸ்தாபித்தருளினார். கீதை ஐந்தாம் அத்யாயத்தில் அந்தணன், பசு, யானை, நாய், நாயை உண்பவன் ஆகியோரை ஸமமாகக் காண்கிறவர்களே பண்டிதர்கள் என்று சொல்லுமிடத்திலும் இதுவே அவர் வ்யாக்யானம். ஒன்பதாம் அத்யாயத்தில் எம்பெருமான் தன்னை எல்லா பூதங்களுக்கும் ஸமன் என்று சொல்லிக்கொள்ளும்போது, ஸ்தாவரம் ஈறாக அனைவருக்கும் ஆச்ரயணீயனாய் இருப்பதில் ஸமன் என்று பொருளருளுகிறார்.

வைஷம்ய ஆக்ஷேபத்தின் பரிஹாரமும் இந்த ஸாம்யத்தின்மேல்தான் நிற்கிறது. ஜீவர்கள் ஸ்வரூபத்தால் ஏற்றத்தாழ்வுள்ளவர்களாக இருந்தால், மானின் ஆத்மாவை மானுக்கென்றே தாழ்த்தி அமைத்தவன் என்ற குற்றம் ஈச்வரனை விடாது. விலங்குக்கு ஆத்மாவே இல்லை என்பாரின் நிலை இன்னும் கடினம். அவர்கள் மதத்தில் கன்றின் வேதனைக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆகையால், கர்மத்தைச் சொல்லி ஈச்வரனைக் காக்கிறவன் அதே வாயால் ‘விலங்குதானே’ என்று சொல்ல முடியாது. இந்த ஹேதுவை ஏற்றவன் அந்த ஸாம்யத்தையும் ஏற்றே ஆகவேண்டும்.

இங்கே ஒரு சங்கை. ஸாம்யதர்சனம் முற்றினால் எல்லாவற்றிலும் உதாஸீனனாக ஆகிவிட மாட்டானோ? கீதை ஆறாம் அத்யாயத்தில், தன்னை உவமையாக வைத்துச் சுகதுக்கங்களை எங்கும் ஸமமாகக் காண்பவன் சிறந்த யோகி என்று வருகிறது. பிறர் துக்கத்தைத் தன் துக்கமாக எண்ண வேண்டும் என்று இதற்குப் பொருள் சொல்வது வழக்கம். பாஷ்யகாரர் அப்படிச் சொல்லவில்லை. பிறன் மகனின் பிறப்பும் இறப்பும் ஆத்மாவோடு எப்படி ஸம்பந்தமற்றவையோ, அப்படியே தன் மகனின் பிறப்பும் இறப்பும் என்று காண்பவன் என்கிறார். படித்தவுடன் திடுக்கிட வைக்கும் வ்யாக்யானம் இது. ஆனால் இது யோகத்தின் பரிபாக தசையில், தன் சுகதுக்கங்களைத் தான் காணும் முறையைச் சொல்வது. பதினாறாம் அத்யாயத்தில் தைவீ ஸம்பத்தைச் சொல்லும்போது, பூதங்களிடம் தயை என்ற சொல்லுக்கு அவரே ‘எல்லா பூதங்களின் துக்கத்தையும் ஸஹிக்கமாட்டாமை’ என்று பொருளருளினார். தன் துக்கத்தைத் தாங்குவதும் பிறர் துக்கத்தைத் தாங்கமாட்டாமையும் ஒரே அதிகாரியிடம் சேர்ந்திருக்க வேண்டியவை. பரதனிடம் முதலில் இரண்டாவது மட்டும் இருந்தது; ஜடபரதனிடம் இரண்டும் இருந்தன.

இனி எம்பெருமானிடமே வருவோம். இரண்டாம் அத்யாயத்தின் இரண்டாம் பாதத்தில், ஸாங்க்யனை மறுக்கும் இடத்தில், பாஷ்யகாரர் தயைக்கு லக்ஷணம் அருளுகிறார்: தன் ப்ரயோஜனத்தைக் கருதாமல் பிறர் துக்கத்தை ஸஹிக்கமாட்டாதிருத்தல். உடனே ஒரு வரம்பும் சொல்கிறார். தன் ஆணையை மீறுவதில் உறுதிகொண்டவனிடத்திலும் அது செல்லுமானால் குணமாகாது; அங்கே நிக்ரஹமே குணம். அரசியலறிந்தவர் இதை மறுக்கமாட்டார். ஆயினும் சுவரடியில் கிடந்த கன்று எந்த ஆணையை மீற உறுதிகொண்டது? விலங்கு போகயோனி, விதிநிஷேதங்களுக்கு அது அதிகாரியன்று. அதே ஜீவன் முன்பு மனிதனாய் மீறியது என்பதே சாஸ்த்ரம் தரும் விடை. அடியேன் அதை ஏற்கிறேன். ஆனால் கன்றுக்கு அது தெரியாது. நமக்கும் அந்த வினை இன்னதென்று தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் பேசுவதற்கு சாஸ்த்ரம் நமக்கு அநுமதி தரவில்லை. ‘உண்டு’ என்பது சப்தப்ரமாணத்தால் தெரியும். ‘இன்னது’ என்பது எந்த ப்ரமாணத்தாலும் நமக்குத் தெரியாது. அன்று வாசலில் நின்றவரிடம் நான் செய்த பிழை இதுவும்கூட.

தண்டத்தைக் கொடுத்துவிட்டு எம்பெருமான் விலகி நிற்கிறானா? பிள்ளை லோகாசார்யர் தத்வத்ரயத்தில், ஸ்வர்க்கம் புகுந்தாலும் நரகம் புகுந்தாலும் எந்த அவஸ்தையிலும் சேதனனை விடாமல் துணையாய் நிற்கும் நிலையை அந்தர்யாமித்வம் என்கிறார். நதியில் விழுந்த குட்டியின் உள்ளும், இடிந்த சுவரின்கீழ் கிடந்த கன்றின் உள்ளும் அவன் இருந்தான் என்பது இதனால் கிடைக்கும் அர்த்தம். அப்படி உள்ளே இருக்கும்போது அவன் திருவுள்ளம் எப்படி இருக்கும்?

இங்கேதான் நம் ஆசார்யர்களின் இரண்டு திருவுள்ளங்கள் தோன்றுகின்றன. தயையாவது பரதுக்கதுக்கித்வம், பிறர் துக்கம் கண்டு தானும் துக்கித்தல் என்பது தென்கலையாரின் நிர்வாஹம். தயையாவது பரதுக்கநிராசிகீர்ஷை, பிறர் துக்கத்தைப் போக்க விரும்புதல் என்பது வடகலையாரின் நிர்வாஹம். அயோத்யா காண்டத்தின் தொடக்கத்தில், சக்ரவர்த்தியின் சபையில் கூடினவர்கள் பெருமாளின் குணங்களைச் சொல்லி வரும்போது, மனிதர்களுக்கு இடர் நேர்ந்தால் அவர் மிகவும் துக்கிக்கிறார் என்றது முதற்பக்ஷத்துக்கு முக்கிய ப்ரமாணம். ஹேயப்ரத்யநீகனுக்குத் துக்கம் சொன்னால் தோஷம் வாராதோ என்பது மற்றவர் கேள்வி. கர்மத்தால் வரும் துக்கமே ஹேயம், ஆச்ரிதவாத்ஸல்யத்தால் வருவது குணமே என்பது அவர்களுக்கு இவர்களின் மறுமொழி. நூற்றாண்டுகளாக நடக்கும் இவ்விசாரத்தை இங்கே தீர்க்கப் புகவில்லை; அடியேனின் குடும்பம் எந்தப் பக்ஷம் என்பதும் இங்கே வேண்டாம். இரண்டு பக்ஷத்திலும் விலக்கப்படுவது ஒன்று உண்டு: கண்டும் காணாதிருத்தல். உடன் துக்கிப்பவனாகவோ போக்க விழைபவனாகவோ அவன் இருக்கிறான் என்றால், ‘அது அதன் வினை’ என்று முகம் திருப்பிக்கொள்கிறவன் எம்பெருமானுடைய குணங்களில் எதைப் பின்பற்றுகிறான்?

ஸ்ரீராமாவதாரத்தில் இதற்கு வேண்டிய அளவு காட்டுகள் உள. சிறகிழந்த ஜடாயுவைத் தம் மடியிலிருந்த உறவினரைப்போல் எண்ணி, தகப்பனாருக்குச் செய்யக் கிடைக்காத ஸம்ஸ்காரத்தை அந்தப் பறவைக்குத் தம் கையாலேயே செய்தருளினார். புல்லும் எறும்பும் உட்பட அயோத்தியில் வாழ்ந்த சராசரங்கள் அனைத்தையும் அவர் நற்கதிக்குச் செலுத்தினார் என்று நம்மாழ்வார் ஏழாம் பத்து ஐந்தாம் திருவாய்மொழியின் முதற்பாசுரத்தில் அருளிச்செய்தார். புல் என்ன ஸாதனம் செய்தது? எறும்பு எந்த விதியை அநுஷ்டித்தது? வாழ்ந்த இடமே காரணம். கர்மத்தின் கணக்கு ஒன்று நடக்க, அந்தக் கணக்கில் அடங்காத ஒன்றும் நடக்கிறது.

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரைகடந்தது. கோடிக்கரைச் சரணாலயத்து வெளிமான்களும் புள்ளிமான்களும் பறவைகளும் அதில் மடிந்தன. ஆனையின் பெயரிட்ட புயலில் மான்கள் மடிந்த செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது, நாற்பது வருஷங்களுக்கு முந்திய அந்த வாசல் நினைவுக்கு வந்தது. ஸ்ரீவிஷ்ணுபுராணத்தை எடுத்து அந்தப் பகுதியை மறுபடி சேவித்தேன். முன்பு கவனியாது கடந்த ஓர் இடம் அப்போது கண்ணில் பட்டது.

மானாய்ப் பிறந்த பரதனுக்குப் பூர்வஜன்ம ஸ்மரணம் இருந்தது. அவன் தாய்மானை விட்டுப் புறப்பட்டுத் திரும்பவும் சாளக்ராமத்துக்கே வந்தான். உலர்ந்த புல்லையும் உதிர்ந்த இலையையும் தின்று, மான் உடம்பு வரக் காரணமான வினைக்கு அங்கே நிஷ்க்ருதி தேடினான் என்கிறது புராணம். போகயோனியில் நிஷ்க்ருதி எப்படிக் கூடும் என்பது கேட்கவேண்டிய கேள்வி. ஜாதிஸ்மரனுக்கு மட்டும் உரிய விசேஷம் என்று சொல்லி அமையலாம். ஆனால் சாளக்ராமத்துக் காட்டில் அந்த மானைக் கண்ட வேடனுக்கோ வழிப்போக்கனுக்கோ, அது ராஜரிஷி என்று தெரிய வழியில்லை. அவர்கள் கண்டது, மற்ற மான்கள் பசும்புல்லைத் தேடிப்போக, காய்ந்த சருகை மென்றுகொண்டு தனியே நின்ற ஒரு மானை.